நீரிழிவில் சிறுநீரகக் கேடு – நுண் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் பங்கு

நீரிழிவு நோயினால் உடலுறுப்புகளுக்கு விளையும் கேடுகளுள் சிறுநீரகக் கேடே மிகவும் ஓசையின்றி வளர்வது. கண் மங்கினால் நோயாளி தாமே உணர்வார். காலில் பட்ட புண் ஆறாவிடில் வீட்டாரும் காண்பர். சிறுநீரகமோ தன் ஆற்றலின் பெரும்பகுதியை இழக்கும் வரையில் வலியையோ வேறு அறிகுறியையோ காட்டுவதில்லை. பாதமும் முகமும் வீங்கி, பசி குன்றி, மூச்சு வாங்கிய நிலையில் நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்பொழுது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளது. நீரிழிவு உடையோருள் நூற்றுக்கு 30 முதல் 40 பேர் வரை காலப்போக்கில் சிறுநீரகக் கேட்டிற்கு ஆளாவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றது. இக்கணக்கிலேயே ஒரு புதிரும் அடங்கியிருக்கின்றது. எஞ்சிய 60, 70 பேர் தப்புவது எதனால்? ஒரே தெருவில் வாழும் இருவர், ஏறக்குறைய ஒரே அளவு இரத்தச் சர்க்கரையுடன், ஒரே அளவு ஆண்டுகள் இந்நோயோடு வாழ்கின்றனர் என்று கொள்வோம். அவருள் ஒருவருடைய சிறுநீரகம் கெடுகின்றது, மற்றவருடையது கெடுவதில்லை. இரத்த அழுத்தம், பரம்பரை, புகைப் பழக்கம் ஆகியவை இவ்வேறுபாட்டில் ஒரு பகுதியை விளக்குகின்றன, முழுவதையும் விளக்கவில்லை. மீதிக்கு விடை தேடிய விஞ்ஞானிகள் உயிரணுவினுள்ளே சென்று, ஏறக்குறைய 22 எழுத்துக்களே கொண்ட மிகச் சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைச் சந்தித்தனர். இவற்றைக் கண்டறிந்தமைக்காக விக்டர் ஆம்புரோஸ், காரி ரவ்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கு 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே இவை குறித்து வகுப்பறையிலும் சுகாதார நிலையத்திலும் கேள்விகள் எழுவது இயல்பே.

வடிகட்டியின் அமைப்பு

முதலில் கெடும் பொருள் யாது என்பதைக் காண்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உள்ளன. இரத்தத் தந்துகிகள் நூற்கண்டு போல் சுருண்டு கிடக்கும் இம்முடிச்சுக்குக் குளோமெருலஸ் என்று பெயர். இவை அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் ஒன்று அல்லது இரண்டு லிட்டர் போக மற்றதெல்லாம் அடுத்துள்ள நுண்குழாய்களில் மீண்டும் உறிஞ்சப்பட்டு இரத்தத்திற்கே திரும்புகின்றது.

வடிகட்டிச் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உட்புறம் தந்துகியின் மெல்லிய உயிரணுக்கள், நடுவில் அடிச்சவ்வு, வெளிப்புறம் போடோசைட் என்னும் பாத உயிரணுக்கள். இப்பாத உயிரணுக்கள் தம் விரல் போன்ற நீட்சிகளை ஒன்றோடொன்று கோத்துத் தந்துகியைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. இரத்தத்திலுள்ள ஆல்புமின் போன்ற புரதங்கள் வெளியேறாமல் காப்பதில் இவற்றின் பங்கு பெரிது. இவை ஒருமுறை உதிர்ந்தால் புதியவை எளிதில் தோன்றுவதில்லை என்பதைப் படிப்பவர் நினைவில் வைத்தல் நலம். தந்துகிகளுக்கு நடுவே அவற்றைத் தாங்கி நிற்பவை மெஸாஞ்சியல் உயிரணுக்கள் எனப்படும்.

1936-ஆம் ஆண்டிலேயே கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் நீரிழிவாளரின் சிறுநீரகத்தை நுண்பெருக்கியில் ஆராய்ந்து, இம்முடிச்சுகளின் நடுவில் உருண்டையான கட்டிகள் படிந்திருப்பதைக் கண்டு எழுதினர். அக்கட்டிகள் வேறொன்றுமல்ல, கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் முதலிய தாங்கு புரதங்கள் அளவின்றிக் குவிந்தவையே. தோலில் புண் ஆறியபின் தழும்பு உண்டாவதை யாவரும் அறிவோம். அத்தகைய தழும்பே இங்கும் உண்டாகின்றது. தோல் தழும்பினால் தீங்கில்லை; வடிகட்டியில் தழும்பு ஏறினால் அவ்வடிகட்டி அடைபடும். மிகுதியான சர்க்கரை உயிரணுக்களைத் தூண்ட, அவை டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் ஒரு தூதுப் பொருளைச் சுரக்கின்றன. அதுவே கொலாஜன் உற்பத்தியை முடுக்கிவிடும் முதன்மையான பொருள். அந்த முடுக்கத்திற்கும் கொலாஜனுக்கும் இடையில் நிகழ்வது என்ன என்ற இடத்தில்தான் நுண் ஆர்.என்.ஏ. புகுகின்றது.

பதிவேடும் நகலும்

மாணவர்க்கு விளக்குவதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தை உவமையாகக் கொள்ளலாம். மூலப் பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டுபவர்க்கு அதிலிருந்து நகல் எடுத்துத் தரப்படும். உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. அந்த மூலப் பதிவேடு. அதிலிருந்து எழுதப்பட்டு வெளியே வரும் நகல் தூது ஆர்.என்.ஏ. எனப்படும். நகலைப் படித்துப் புரதம் கட்டப்படுகின்றது. இது வரையிலான செய்தி பாடநூல்களில் உள்ளதே. இப்பொழுது ஒருவர் அந்த நகலின் ஓரத்தில் ஒரு சிறு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டார் என்று கொள்வோம். ஒட்டப்பட்ட நகலை எழுத்தர் சரிவரப் படிப்பதில்லை. சில நாளில் அது கழிவுக் கூடைக்கும் போய்விடுகின்றது. பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் காரியம் குறைந்துவிட்டது. நுண் ஆர்.என்.ஏ. செய்வது இதுவே.

உவமையை இதற்கு மேல் நீட்டினால் பிழை நேரும். ஒட்டுத்துண்டு தன் விருப்பப்படி எங்கும் ஒட்டுவதில்லை. அதன் 2-ஆவது எழுத்து முதல் 8-ஆவது எழுத்து வரை உள்ள 7 எழுத்துக்களுக்கு இணையான வரிசை நகலில் இருக்குமிடத்திலேயே பெரும்பாலும் பொருந்தும். ஏழே எழுத்துக்கள் ஆதலால் ஒரே துண்டு நூற்றுக்கணக்கான வெவ்வேறு நகல்களில் ஒட்ட இயலும். மேலும், அது ஒரு புரதத்தை அடியோடு நிறுத்திவிடுவது அரிது. அளவைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. விளக்கை அணைக்கும் விசை அன்று; ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு.

இது முதன்முதல் அறியப்பட்டது மனித உடலில் அன்று. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப் புழுவில். 1993-ஆம் ஆண்டில் ஆம்புரோஸ் குழுவினர், அப்புழுவின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் லின்-4 என்ற ஜீன் எப்புரதத்தையும் ஆக்காமல் 22 எழுத்துக்கள் கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ.யை மட்டுமே ஆக்குவதைக் கண்டனர். அது லின்-14 என்ற மற்றொரு ஜீனின் நகலில் பொருந்தி அதை அடக்குகின்றது என்பதை ரவ்கன் குழுவினரும் அதே சமயத்தில் நிறுவினர். புழுவிற்கே உரிய விந்தை என்று பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. 2000-ஆம் ஆண்டில் லெட்-7 என்ற இரண்டாவது சிறு ஆர்.என்.ஏ. மனிதன் உட்படப் பல விலங்குகளில் காணப்பட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஏழாண்டுக் காலம் ஒரு பெருங் கண்டுபிடிப்பு கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்வது தகும்.

சிறுநீரகத்தில் இவற்றின் வேலை

இச்சிறு ஆர்.என்.ஏ.க்கள் சிறுநீரகத்திற்கு உண்மையிலேயே தேவையா என்ற கேள்விக்கு 2008-ஆம் ஆண்டில் தெளிவான விடை கிடைத்தது. நீண்ட முன்னோடி இழையிலிருந்து நுண் ஆர்.என்.ஏ.க்களை நறுக்கித் தரும் நொதிக்கு டைசர் என்று பெயர். இந்நொதியைச் சுண்டெலியின் பாத உயிரணுக்களில் மட்டும் இல்லாதவாறு செய்து மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே சோதித்தன. பிறக்கும்பொழுது குட்டிகள் நலமாகவே தோன்றின. சில வாரங்களுக்குள் அவற்றின் சிறுநீரில் புரதம் பெருகிற்று. பாத உயிரணுக்களின் விரல்கள் சிதைந்தன. சிறுநீரகம் செயலிழந்து குட்டிகள் மாண்டன. சர்க்கரை நோய் ஏதுமின்றியே, ஒரே வகை உயிரணுவில் இச்சிறு துண்டுகள் அற்றுப்போனதால் மட்டுமே வடிகட்டி குலைந்தது.

நீரிழிவைப் பொறுத்தவரை முதல் வழிகாட்டியான ஆய்வு 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ‘சிட்டி ஆஃப் ஹோப்’ நிலையத்தில் ராமா நடராஜன், மிட்சுவோ காட்டோ முதலியோர் செய்தது. சுண்டெலியின் மெஸாஞ்சியல் உயிரணுக்களில் டி.ஜி.எஃப்.-பீட்டாவைச் சேர்த்தபொழுது மிர்-192 என்னும் நுண் ஆர்.என்.ஏ. பெருகிற்று. நீரிழிவு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் வடிகட்டிகளிலும் அது மிகுந்திருந்தது. அது என்ன செய்கின்றது? கொலாஜன் ஜீனின் வாயிலில் நின்று அதை அளவோடு நிறுத்தும் காவலன் போன்ற புரதம் ஒன்று உண்டு. அதற்கு ஸிப்-1 அல்லது ஸெப்-2 என்று பெயர். மிர்-192 அக்காவலனின் நகலில் ஒட்டி அவனைக் குறைத்துவிடுகின்றது. காவல் தளர்ந்ததும் கொலாஜன் பெருகுகின்றது, தழும்பு வளர்கின்றது. சர்க்கரையிலிருந்து தழும்பு வரையில் ஒரு சங்கிலி கண்ணிகளோடு தென்பட்டது. 2012-ஆம் ஆண்டில் அதே நிலையத்தினர், மிர்-192-ஐப் பற்றிச் செயலற்றதாக்கும் எதிரிழை ஒன்றை நீரிழிவுச் சுண்டெலிகளுக்குச் செலுத்தித் தழும்பும் சிறுநீர்ப் புரதமும் குறைவதைக் காட்டினர்.

கதை இவ்வளவில் நின்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் 2010-ஆம் ஆண்டில் பிரிட்டனிலுள்ள கார்டிஃப் நகர ஆராய்ச்சியாளர், நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுக்களை ஆராய்ந்து நேர்மாறான செய்தியை வெளியிட்டனர். யாருடைய சிறுநீரகத்தில் தழும்பு மிகுந்து வடிதிறன் குன்றியிருந்ததோ அவரிடம் மிர்-192 குறைந்தே காணப்பட்டது! அவர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவை மெஸாஞ்சியல் உயிரணுக்கள் அல்ல. வடிகட்டிக்கு அடுத்த நுண்குழாயின் உயிரணுக்கள். அவற்றில் டி.ஜி.எஃப்.-பீட்டா மிர்-192-ஐக் குறைத்தது.

இரு தரப்பில் ஒன்று பொய் என்று முடிவு கட்டுவது எளிது, அது சரியன்று. இரண்டிலும் மிர்-192 பிடித்து அடக்குவது அதே ஸெப்-2 புரதத்தைத்தான். மெஸாஞ்சியல் உயிரணுவில் அப்புரதம் கொலாஜனைத் தடுக்கும் காவலன். அங்கு அது குறைவது தீமை. நுண்குழாயின் உயிரணுவிலோ அதே புரதம், உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க உதவும் ஈ-காடெரின் என்ற பொருளைக் குறைத்து, அவை தம் இயல்பை இழக்கச் செய்வது. அங்கு அது குறைவது நன்மை. மேலும் சுண்டெலியில் காணப்பட்டது நோயின் தொடக்கம். மனிதத் திசுவில் காணப்பட்டது பெரும்பாலும் முற்றிய நிலை. ஒரே திருகு, ஒரு வீட்டில் தீயைத் தணிக்கின்றது. அடுத்த வீட்டில் கிளப்பிவிடுகின்றது. ‘மிர்-192 நல்லதா, கெட்டதா?’ என்று கேட்பவர்க்கு, ‘எந்த உயிரணுவில், நோயின் எந்தக் கட்டத்தில்?’ என்று திருப்பிக் கேட்பதே விடையின் பாதி.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். மிர்-29 குடும்பத்தினர் கொலாஜன் நகல்களிலேயே ஒட்டி அவற்றைக் குறைப்பவர், டி.ஜி.எஃப்.-பீட்டா இவர்களைக் குறைத்துவிடுவதால் தழும்பு தடையின்றி வளர்கின்றது. மிர்-377 மிகும்பொழுது ஃபைப்ரோனெக்டின் மிகுகின்றது என 2008-ல் தெரியவந்தது. மிர்-21 பல உறுப்புகளில் தழும்போடு சேர்ந்து பெருகுவது. அது இல்லாத சுண்டெலிகளுக்குச் சிறுநீரகத்தில் காயம் ஏற்படுத்தினால் தழும்பு குறைவாகவே உண்டாயிற்று என 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டிற்று.

மருந்தாகுமா?

சுண்டெலியில் பயன் தந்தது மனிதனுக்கும் பயன் தருமென்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. உறுதி கூறுவதுதான் தவறு. மிர்-21-ஐ அடக்கும் லாடெமிர்சென் என்ற எதிரிழை மருந்து, ஆல்போர்ட் நோய் எனப்படும் பரம்பரைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அது நீரிழிவினால் வரும் நோய் அன்று. எனினும் தழும்பு உண்டாகும் வழி ஒத்ததாதலால் நீரிழிவு ஆராய்ச்சியாளரும் அதன் முடிவைக் கவனித்திருந்தனர். பயன் தெரிய வாய்ப்பில்லை என்று இடைக்கணக்கில் கண்டு, 2022-ஆம் ஆண்டில் இரண்டாம் கட்டத்திலேயே அச்சோதனை நிறுத்தப்பட்டது. நீரிழிவுச் சிறுநீரகக் கேட்டிற்கு நுண் ஆர்.என்.ஏ.யை அடிப்படையாகக் கொண்ட அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. யாரேனும் அப்பெயரில் மருந்தோ மாத்திரைப் பொடியோ விற்பாராயின் அதை நம்புதல் கூடாது.

இதனால் இத்துறையே வீண் என்று கருதவும் வேண்டா. செயற்கையாகச் செய்யப்படும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. என்ற மற்றொரு வகைச் சிறு ஆர்.என்.ஏ. 2018-ஆம் ஆண்டில் முதன்முதலாக மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டு, கல்லீரலில் உருவாகும் ஒரு புரதத்தைக் குறைப்பதற்குப் பயன்பட்டு வருகின்றது. கல்லீரலுக்குச் சரியாகக் கொண்டு சேர்க்கும் வழி கிடைத்தது. அதனால் வெற்றி கிடைத்தது. சிறுநீரகத்திலோ செலுத்திய இழை பெரும்பாலும் நுண்குழாயின் உயிரணுக்களில் தங்கிவிடுகின்றது. மெஸாஞ்சியல் உயிரணுவை மட்டும், அல்லது பாத உயிரணுவை மட்டும் அடையச் செய்வது கடினம். மிர்-192 பற்றி மேலே கூறியதை நினைத்தால் முகவரி தவறுவது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும்.

அடையாளமாகுமா?

மருந்தைக் காட்டிலும் முன்னதாகப் பயன்படக்கூடியது, நோயை முன்கூட்டி அறியும் அடையாளமாக இவற்றைக் கொள்வது. ஆர்.என்.ஏ. பொதுவாக எளிதில் சிதைவது. ஆனால் நுண் ஆர்.என்.ஏ.க்கள் கொழுப்புறை கொண்ட நுண்பைகளுக்குள்ளோ, புரதங்களோடு பிணைந்தோ, இரத்தத்திலும் சிறுநீரிலும் சிதையாது உலவுகின்றன. முதல் வகை நீரிழிவு உடையோரிடம் செய்யப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இரத்தத்தில் மிர்-29-ஏ மிகுந்தவரிடம் சிறுநீரகம் விரைந்து கெடும் வாய்ப்புக் குறைவாகவும், மிர்-21 மிகுந்தவரிடம் அதிகமாகவும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டதற்கு இது ஒத்திருக்கின்றது.

ஆயினும் ஓர் ஆய்வில் சுட்டப்படும் பட்டியல் மற்றோர் ஆய்வில் அப்படியே திரும்ப வருவதில்லை. நோயாளிகள் வேறு, கருவிகள் வேறு என்பதோடு, மாதிரி எடுக்கும் முறையும் இதற்கு ஒரு காரணம். களப் பணியாளர் இதை அறிந்திருப்பது நல்லது. சிவப்பணுக்களுக்குள் மிர்-16, மிர்-451 முதலியன ஏராளமாக உள்ளன. ஊசி மெல்லியதாக இருந்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ, வெயிலில் வைத்திருந்தாலோ சிவப்பணுக்கள் சில உடைகின்றன; உடனே கணக்கு முழுவதும் மாறிவிடுகின்றது. இத்தகைய ஆய்வுக்கு மாதிரி திரட்டித் தருமாறு எந்த நிறுவனமேனும் கேட்குமாயின், பிரித்த இரத்தநீர் இளஞ்சிவப்பாக இருந்தால் அதைக் குறித்து அனுப்ப வேண்டும். நல்ல மாதிரியோடு கலந்துவிடக் கூடாது.

இன்று செய்யத்தக்கது

1993-ஆம் ஆண்டில் புழுவின் சிறு ஆர்.என்.ஏ. பற்றிய செய்தி வெளியானபொழுது, அதே ஆண்டில், காப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்து முதல் வகை நீரிழிவாளரின் சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்துகின்றது என்ற செய்தியும் வெளியாயிற்று. புகழ் பெற்றது முன்னது; இதுகாறும் சிறுநீரகங்களைக் காத்தது பின்னதும் அதன் வழிவந்த மருந்துகளுமே. 2001-ல் லோசார்ட்டானும் இர்பெசார்ட்டானும் இரண்டாம் வகை நீரிழிவிலும் அவ்வாறே பயன் தருவது நிறுவப்பட்டது. 2019-ல் கனாகிளிஃப்ளோஸினும், 2020-ல் டாபாகிளிஃப்ளோஸினும் இவ்வரிசையில் சேர்ந்தன. பின்னதை நம் நாட்டில் பல நிறுவனங்கள் குறைந்த விலையில் செய்து வருகின்றன. இவற்றை மருத்துவரே தேர்ந்து கொடுத்தல் வேண்டும். கருவுற்ற பெண்களுக்குக் காப்டோபிரில், லோசார்ட்டான் வகைகள் ஆகா.

இம்மருந்துகள் பயன்பட வேண்டுமாயின் நோய் தொடக்கத்திலேயே அகப்பட வேண்டும். அதற்குரிய சோதனை சிறுநீர் ஆல்புமினே. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை தொடக்கக் கேடு. அதற்கு மேல் முற்றிய கேடு. புரதம் காணும் சாதாரணச் சோதனைப் பட்டை, தொடக்க நிலையில் கசியும் சிறு அளவைக் காட்டாது. பட்டை நிறம் மாறவில்லை என்பதைக் கொண்டு ‘சிறுநீரகம் நலம்’ என்று எழுதிவிடுவது பரவலான வழக்கம், அது தவறு. இரண்டாம் வகை நீரிழிவாளருக்கு நோய் தெரிந்த அன்றிலிருந்தும், முதல் வகையினருக்கு ஐந்தாண்டு கழிந்த பின்னும், ஆண்டுதோறும் இச்சோதனை தேவை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உழைப்பு ஆகிய காலங்களில் ஆல்புமின் தற்காலிகமாக உயரக்கூடுமாதலால், மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டேனும் மிகையாக இருந்தால்தான் கேடு என்று கொள்ளவேண்டும். காலையில் கழிக்கும் முதற் சிறுநீர் ஏற்றது.

இச்சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. நீரிழிவாளர் சிலருக்கு ஆல்புமின் சிறிதும் கசியாமலே வடிதிறன் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போகின்றது. அவரைச் சிறுநீர்ச் சோதனை மட்டும் பிடிக்காது. இரத்தத்தில் கிரியாட்டினினும் அளந்து, வயதையும் பாலையும் சேர்த்து வடிதிறனைக் கணக்கிட வேண்டும். அப்பொழுதும் ஒரு பகுதி ஆற்றல் போன பின்பே தெரியவரும். வடிகட்டியில் புரதம் கசிவதற்கும், கிரியாட்டினின் ஏறுவதற்கும் முன்னதாகவே சிறுநீரில் மிதக்கும் நுண்பைகளின் நுண் ஆர்.என்.ஏ. மாறுகின்றதா என்பதை ஆராய்ச்சியாளர் இத்தகையோரிடம்தான் இப்பொழுது முனைந்து தேடி வருகின்றனர்.